ஆறு வாத்து செத்தது, வித்தியாசம் இல்லை

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே பல்கலைக்கழகப் பின்வாசல் தெருவில் வரிசை கட்டிவிட்டார்கள். இலவச அரிசி போடுகிறார்களோ என்று வழிப்போக்கன் நினைப்பான். அரிசி இல்லை. சலவைக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே பாக் சஸ்மிதோ கடை திறக்கிறார். உள்ளே ஒரு மேசை. மேசைமேல் ஒரு மடிக்கணினி. அதன்மேல் மெழுகுச் சாயம் போட்ட பத்திக் துணி போர்த்தியிருக்கும், கல்யாணப் பெண்ணுக்குப் போர்த்தியதுபோல. வாசலில் பலகை: "ஆராய்ச்சி எண்கள் வாசிக்கப்படும். தேறாதவை தேற்றித் தரப்படும்."

ஜாவாவின் பிரெபெஸ் கடற்கரைப் பக்கம் இவரைத் தெரியாத மாணவன் இல்லை. அங்கே ஐயாவுக்கு 'பாக்', அம்மாவுக்கு 'இபு'. பேராசிரியர்களுக்கும் தெரியும். அவர்கள் சலவைக் கடை வழியாக உள்ளே போவார்கள், துணி போடுகிறவர்கள் மாதிரி.

"உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"நூத்துக்குப் பதினெட்டு."

"அடப் பாவமே. எனக்கு ஒன்பது."

"ஒன்பதுக்கா இப்படி முகத்தைத் தூக்கி வச்சிருக்கே? என் அறைத்தோழன் போன மாசம் நாப்பதோட வந்தான். 'ஊக்கமளிக்கும் போக்கு தென்படுகிறது'ன்னு எழுதிக் குடுத்துட்டாரு. பட்டம் வாங்கிட்டான்."

"நாப்பதுக்கா?"

"நாப்பதுக்குத்தான். பாக் கை வச்சா கல்லும் கரையும்."

இந்த எண் என்ன எண் என்று கேட்பீர்கள். பெரிய ரகசியமில்லை. மருந்து கொடுத்த கூட்டம் ஒன்று, கொடுக்காத கூட்டம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. மருந்தால் ஒன்றுமே ஆகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், குருட்டு யோகத்தால் மட்டுமே இவ்வளவு வித்தியாசம் வந்து விழ நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு? அதுதான் எண். ஐந்துக்குக் கீழே வந்தால் 'தேறியது' என்பார்கள். மேலே போனால் 'தேறவில்லை'. ஐந்து என்பது யாரோ ஒரு புண்ணியவான் தன் வசதிக்குக் கிழித்த கோடு. அந்தக் கோட்டுக்குத்தான் ஊரே கற்பூரம் காட்டுகிறது.

தேறவில்லை என்றால் அர்த்தம் என்ன? 'இருக்கிற ஆதாரத்தை வைத்து இன்னும் சொல்ல முடியாது' என்று அர்த்தம். அவ்வளவுதான். ஆனால் 'சொல்ல முடியாது' என்று எழுதியவனுக்கு யார் பட்டம் கொடுத்தார்கள், யார் பதவி கொடுத்தார்கள்? ஆகவே சஸ்மிதோ கடை திறக்கிறார்.

அன்று வரிசையில் பதினோராவது ஆள் விகாதி. விவசாயக் கல்லூரியின் வாத்துக் கொட்டிலைக் கவனித்துக்கொள்கிறவள். நாற்பத்தெட்டு வயது. காலில் ரப்பர் பூட்ஸ், கையில் வாத்துக் கணக்கு எழுதிய நோட்டு, கக்கத்தில் ஒரு ஒட்டிய உறை. ஆராய்ச்சி அவளுடையதல்ல. டாக்டர் ஹப்சாரியுடையது. டாக்டருக்கு அன்று ஏதோ கூட்டம். "இந்த உறையையும் நோட்டையும் பாக்கிட்ட குடுங்க, அவர் பாத்துக்குவாரு" என்று அனுப்பியிருந்தாள்.

விகாதிக்கு முன்னால் பாகஸ் என்று ஒரு மாணவன். ஒரு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெம்பே என்கிற புளித்த சோயாவின் மாவில் பிஸ்கட் செய்து கொடுத்து எடை கூடுகிறதா என்று பார்த்தவன். உள்ளங்கை வேர்த்து, தாள் பிசுபிசுத்துவிட்டது.

சஸ்மிதோ தாளைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார்.

"மனசுல என்ன நெனச்சு வந்தே?"

"தேறணும், பாக். புதன்கிழமை வாய்மொழித் தேர்வு."

"தேறணும்." சஸ்மிதோ கண்ணை மூடினார். துணியை விலக்கினார். எண்களைத் தட்டினார். கடைசி விசையின்மேல் ஆள்காட்டி விரலை நிறுத்தி, மூச்சை இழுத்து, அழுத்தினார்.

"ஆறு புள்ளி மூணு."

பாகஸின் கண் கலங்கிவிட்டது.

"ஏன்டா அழறே? எங்க நிக்குது பாரு. வாசல்ல வந்து நிக்குது. செருப்பைக்கூடக் கழட்டிடுச்சு. உள்ள வர வெக்கப்படுது, அவ்வளவுதான்." பேனாவை எடுத்து எழுதினார்: 'முடிவு, தேறும் நிலையை நோக்கி வலுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது.'

"எங்க பாக் நகருது?" என்றாள் பின்னால் நின்ற விகாதி. "எடை போட்டு முடிச்சாச்சு. பிள்ளைங்க பிஸ்கட்டைத் தின்னு முடிச்சாச்சு. இனிமே அது எப்படி நகரும்?"

சஸ்மிதோ அவளை மேலும் கீழும் பார்த்தார். பார்வை பூட்ஸில் போய் நின்றது.

"எண் நகராது, இபு. ஆனா அதுக்கு ஆசை இருக்கு."

வரிசை முழுவதும் 'ஆகா' என்றது. ஒருவன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

விகாதியின் முறை வந்தது. சஸ்மிதோ உறையைப் பிரித்துக் கடிதத்தைப் படித்தார். தங்கத் தூள் என்று ஒரு வாத்துத் தீவனத் தூள். தின்றால் முட்டை கூடும் என்று அதை விற்கிற நிறுவனத்தின் கடிதம் அது. தூளால் வாத்துக்கு ஆபத்தில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புகிறார்களாம்.

"அப்ப சாவுல வித்தியாசம் தேறக் கூடாது."

"எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல, பாக். நோட்டுல இருக்கறதச் சொல்லுங்க, போதும்."

"உங்க மனசு எதுக்கு? அதான் கடுதாசியில இருக்கே." நோட்டைப் பார்த்துத் தட்டினார். "தூள் தின்ன வாத்து பத்து. அதுல செத்தது ஆறு. தின்னாதது பத்து. செத்தது ஒண்ணு." கண்ணை மூடினார். அழுத்தினார். முகம் மலர்ந்தது. "அஞ்சு புள்ளி ஏழு! தேறலை! நல்ல சேதி, இபு. வித்தியாசம் இல்லை."

"என்ன இல்லை?"

"வித்தியாசம்."

"ஆறு செத்துச்சு, பாக்."

"ஒண்ணும் செத்துச்சே."

"ஆறுக்குக் குழி வெட்டினது நான்தான்."

"குழி வேற, கணக்கு வேற." எழுதினார்: 'இரு கூட்டங்களின் சாவிலும் வித்தியாசம் இல்லை. தூள் தீங்கற்றது என்று நிரூபணமாகிறது.' முத்திரை குத்தி, பிளாஸ்டிக் உறைக்குள் விட்டு, சூடு காட்டி ஒட்டிக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. தப்பு இருந்தால்கூட இனி அடித்துத் திருத்த முடியாது.

விகாதி நகரவில்லை.

"முன்னாடி போன பையனுக்கு ஆறு புள்ளி மூணு. அது வாசல்ல நிக்குதுன்னீங்க. எங்க வாத்து அஞ்சு புள்ளி ஏழு. அது கோட்டுக்கு இன்னும் கிட்டல்ல நிக்கணும்? ஒருத்தருக்கு வாசல்ல நிக்கற விருந்தாளி, எங்களுக்கு மட்டும் எப்படி ஆளே இல்லாமப் போச்சு?"

வரிசை முணுமுணுத்தது. "இபு, நேரமாகுது!" "வாத்து மேய்க்கறவங்க பாக்கையே கேள்வி கேக்கறாங்க பாருங்க." "அடுத்த ஆள் வாங்கப்பா!"

சஸ்மிதோ புன்னகைத்தார். "எண் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கலாம், இபு. அதோட குணம் வேற."

*

டாக்டர் ஹப்சாரி அந்தப் பளபளப்புத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். முப்பத்திரண்டு வயதுப் பெண். கெட்டவள் இல்லை. பயந்தவள்.

"அப்பாடா."

"என்ன அப்பாடா, டாக்டர்? ஞாயித்துக்கிழமை எங்க வாத்துக்காரங்க கூட்டுறவுச் சங்கத்துல இந்தத் தாளைப் படிக்கப் போறாங்க. படிச்சதும் கை தூக்கிடுவாங்க. அடுத்த மாசத்துலேருந்து எல்லாரும் தங்கத் தூள் போட்டே ஆகணும், போடாத வீட்டு முட்டைய சங்கம் வாங்காதுன்னு தலைவர் பாக் கார்சித் சொல்லிட்டாரு. எங்கிட்ட நாப்பது வாத்து இருக்கு. எங்க வீட்டு அடுப்பு எரியறதே அந்த நாப்பதாலதான். போட்டா செத்துடுமோன்னு பயம். போடலைன்னா முட்டைய நான் எங்க கொண்டு போய் விக்க?"

ஹப்சாரி தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"எதுக்கு டாக்டர் பத்துப் பத்தா வச்சீங்க? கொஞ்சம் கூட வச்சிருக்கலாமே."

"கொட்டில்ல இருபது அறைதானே இருக்கு, இபு விகாதி."

"அறை இருபதுன்னா உண்மையும் இருபதுக்குள்ள அடங்கிடுமா?"

"எனக்குத் தெரியாதா? 'இத வச்சுச் சொல்ல முடியாது'ன்னுதான் எழுதணும். எழுதினா எந்தப் பத்திரிகை போடும்? கட்டுரை வரலைன்னா வேலை நிரந்தரமாகாது. எனக்கும் வீட்டு அடுப்பு எரியணும்ல."

"உங்க அடுப்புக்கு என் வாத்தா விறகு?" என்றாள் விகாதி.

ஹப்சாரி தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அன்று மாலை வரை அதை நிமிர்த்தவில்லை.

*

விகாதி சண்டைக்காரி அல்ல. எண்ணுகிறவள். இருபது வருடமாய் முட்டை எண்ணி எண்ணி, ஒரு முட்டை குறைந்தால் அவளுக்குத் தூக்கத்திலேயே தெரியும். அன்று வீட்டில் உட்கார்ந்து, நோட்டில் இருந்த அதே கணக்கை ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள். எண்ணில் ஒன்றையும் மாற்றவில்லை. தலைப்பை மட்டும் மாற்றினாள். தூள் தின்னாத பத்து வாத்தை 'முருங்கைக் கஷாயம் குடித்த வாத்து' என்று எழுதினாள். தூள் தின்ற பத்தைக் 'கஷாயம் குடிக்காத வாத்து' என்று எழுதினாள். கஷாயம் குடித்ததில் செத்தது ஒன்று. குடிக்காததில் செத்தது ஆறு. அதே வாத்து. அதே குழி.

பிறகு தாளைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் உப்பு முட்டை விற்கிற பாயினெமிடம் போனாள்.

"பாயினெம் அக்கா, கொஞ்சம் பொய் சொல்லணும்."

"கொஞ்சம் போதுமா?" என்றாள் பாயினெம். "நான் நேத்து அவிச்ச முட்டைய இன்னைக்கு அவிச்சதுன்னு முப்பது வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

வியாழக்கிழமை பாயினெம் சஸ்மிதோ கடைக்குப் போனாள். நல்ல கெபாயாச் சட்டை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, கூடையில் நாலு உப்பு முட்டையோடு போனாள். திரும்பி வந்தபோது சிரிப்பில் மூச்சு வாங்கியது.

"'மனசுல என்ன நெனச்சு வந்தீங்க'ன்னாரு. 'கஷாயம் விக்கப் போறேன், பாக். தேறணும். சும்மா தேறினாப் போதாது, கூரையப் பிச்சுக்கிட்டுத் தேறணும்'னேன். கண்ணை மூடினாரு பாரு, எனக்கே பக்தி வந்துடுச்சு!"

"எவ்வளவு வந்துச்சு?"

"அஞ்சு புள்ளி ஏழு. 'இபு, வாசல்ல நிக்குது, வாசல்ல'ன்னு குதிச்சாரு. இந்தா, பிடி."

தாள் பளபளத்தது. 'முருங்கைக் கஷாயத்தின் உயிர்காக்கும் ஆற்றல் வலுவாகப் புலப்படுகிறது.' அதே முத்திரை. அதே கையெழுத்து.

"முட்டைய வாங்கிக்கிட்டாரா?"

"நாலையும். அதுல ஒண்ணு கூமுட்டை. எதுன்னு அவரே வாசிச்சுக் கண்டுபிடிக்கட்டும்."

*

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் உட்கார இடமில்லை. சன்னலிலும் ஆள். முன்வரிசை நாற்காலியில் பாக் சஸ்மிதோ, கஞ்சி போட்ட பத்திக் சட்டையில். சிறப்பு விருந்தினர். மடியில் துணி போர்த்திய மடிக்கணினி. நாலைந்து பேர் கை நீட்டி அந்தத் துணியைத் தொட்டுக்கொண்டார்கள். ஒருத்தி தன் மருமகளுக்கு எப்போது குழந்தை பிறக்கும் என்று கேட்டாள். அவரும் சளைக்காமல், "போக்கு தென்படுது" என்றார்.

ஹப்சாரி பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து இருந்தாள்.

தலைவர் கார்சித் ஒலிபெருக்கியைத் தட்டினார். "அறிவியல் நம்ம வாசலுக்கே வந்திருக்கு! கேளுங்க." முதல் தாளைப் படித்தார். "'சாவிலும் வித்தியாசம் இல்லை. தூள் தீங்கற்றது என்று நிரூபணமாகிறது.'"

கைதட்டல்.

"கை தூக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தாளையும் படிச்சிடுங்க, பாக்" என்று விகாதி எழுந்து வந்து நீட்டினாள். "இதுவும் பாக் சஸ்மிதோ வாசிச்சதுதான்."

முத்திரையைப் பார்த்ததும் கார்சித் மறுபேச்சுப் பேசவில்லை. "'முருங்கைக் கஷாயத்தின் உயிர்காக்கும் ஆற்றல் வலுவாகப் புலப்படுகிறது.'"

இன்னும் பெரிய கைதட்டல். "எங்க கிடைக்குது அந்தக் கஷாயம்?" "லிட்டர் என்ன விலை?" "எனக்கு ரெண்டு கேன் எழுதுங்க!" பாயினெம் தோள்துண்டில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"கீழ எண் போட்டிருக்கு. ரெண்டையும் படிங்க, பாக்" என்றாள் விகாதி.

"இதுல... அஞ்சு புள்ளி ஏழு. இதுலயும்... அஞ்சு புள்ளி ஏழு." கார்சித் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "ரெண்டும் ஒண்ணா இருக்கே?"

"வாத்தும் ஒண்ணுதான். கஷாயம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. தூள் தின்னு செத்ததையும் தின்னாம செத்ததையும் தலைப்பை மாத்தி எழுதிக் குடுத்தேன். ஆறும் ஒண்ணும். ஒண்ணும் ஆறும். 'தேறக் கூடாது'ன்னு போனப்ப வித்தியாசமே இல்லைன்னாரு. 'தேறணும்'னு போனப்ப உயிர்காக்கும் ஆற்றல்னாரு. பாக், அந்த ஆறு வாத்தும் குழிக்குள்ள எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கணும்னு சொல்லிடுங்க, நான் போய்த் திருப்பி விட்டுட்டு வரேன்."

சன்னலில் யாரோ ஒருவர் 'குவாக்' என்றார். கூடம் வெடித்தது.

சஸ்மிதோ எழுந்தார். "அமைதி! இது நுட்பமான விஷயம். வாசிக்கறவன் வந்தவங்க மனசையும் சேர்த்துத்தான் வாசிக்கணும்."

"அப்படின்னா எங்க மனசுல இருந்ததத்தான் எங்களுக்கே திருப்பிப் படிச்சீங்களா?" என்றார் பல்லில்லாத ஒரு வாத்துக்காரர். "அது எனக்கே தெரியுமே. அதுக்கு எதுக்கு லேப்டாப்பு?"

"அதுக்கு எதுக்கு துணி?" என்றது இன்னொரு குரல்.

"அதுக்கு எதுக்கு என் முட்டை?" என்றாள் பாயினெம்.

சிரிப்பு ஓய்வதற்குள் சங்கத்துப் புத்தி வேறு பக்கம் சாய்ந்துவிட்டது. மனிதப் புத்தி நடுவில் நிற்பதே இல்லை. "அப்ப தூள் விஷம்! மூட்டையக் கொளுத்து!" என்று ஒருவன் கத்தினான். பத்துப் பேர் எழுந்தார்கள்.

"உக்காருங்க!" என்றாள் விகாதி. "விஷம்னு நான் சொன்னேனா? எனக்குத் தெரியாது. ஆறும் ஒண்ணும் பயப்பட வேண்டிய கணக்குதான். ஆனா தூள்தான் கொன்னுச்சுன்னு அடிச்சுச் சொல்ல இந்த இருபது வாத்து போதாது. கொல்லலைன்னு சொல்லவும் போதாது. நெறைய வாத்துல பாக்கணும். தூள் விக்கறவங்க செலவுல, அவங்க வாத்துல பாக்கட்டும். அதுவரைக்கும் என் வாத்து வாயில அதக் கொட்டச் சொல்லாதீங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

ஹப்சாரி எழுந்து நின்றாள். "இபு விகாதி சொல்றதுதான் சரி. 'இன்னும் தெரியலை'ன்னு நான் எழுதியிருக்கணும். எழுதப் பயந்தேன். அந்தக் கட்டுரைய அனுப்ப மாட்டேன். திருத்தி எழுதறேன்."

"எழுதினா உங்க வேலை, டாக்டர்?" என்று கேட்டார் கார்சித்.

"தெரியலை" என்றாள் ஹப்சாரி. வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சொல்லை வெளியே விட்டவள்போல, சொன்னதும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள்.

கை தூக்கச் சொன்னார்கள். தூள் கட்டாயமில்லை, போடாத வீட்டு முட்டையையும் சங்கம் வாங்கும் என்று முடிவானது. விகாதியின் நாற்பது வாத்தும் தப்பின. திரும்பிப் பார்த்தால் முன்வரிசை நாற்காலி காலி. சிறப்பு விருந்தினர் கொல்லைப்புற வழியாகத் தேறிவிட்டார்.

இத்துடன் ஊர் திருந்தியது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஆசைப்பட்டதை எழுதுவது சஸ்மிதோவின் தொழில்.

மறு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு விகாதி கொட்டிலைத் திறந்தாள். வெளியே வரிசை. முப்பது பேர். கையில் தாள்.

"என்னப்பா இது?"

"இபு, சஸ்மிதோ ஏமாத்துக்காரரு" என்றான் முதலில் நின்றவன். "நீங்கதான் நெஜமா வாசிக்கறீங்களாம். எங்களுதையும் வாசிங்க."

"உன்னோடதுல எத்தனை பேர வச்சுப் பார்த்தே?"

"பன்னெண்டு பேரு, இபு. எண் இருபத்திரண்டு வந்திருக்கு."

"அப்ப 'இத வச்சுச் சொல்ல முடியாது'ன்னு எழுது."

"அத நீங்க எழுதி ஒரு முத்திரை குத்திக் குடுத்தீங்கன்னா..."

விகாதி அவனைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். பிறகு கொட்டிலுக்குள் கை காட்டினாள். அங்கே ஒரு வாத்து கழுத்தைத் திருப்பி, அலகை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு கிடந்தது.

"பார்த்துக்க. வாத்துகூடத் தூங்கறப்பதான் தலைய முதுகுப் பக்கம் வச்சுக்கும். முழிச்சிருக்கற நீ உன் தலைய எதுக்கு என் கையில குடுக்கறே?"